வேலைக்குப் போன வாட்ச்

மரக்காணம் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடக்கும். சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நடுப்பகலில் என் மாமியார் அதில் வந்து உட்கார்ந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைக் காதுவரைக்கும் தூக்கி, வாயைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. நான் பதறிப்போய்ச் செல்போனை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு வாட்ச் கட்டிவிட்டிருந்தார்கள்; அது அளப்பதெல்லாம் உடனுக்குடன் என் போனில் வந்துவிடும். திரையில் எல்லாம் பச்சை. ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. நாடித்துடிப்பில் குறை இல்லை. அதோடு, அத்தை இந்த நிமிடம் வேகமாக நடந்துகொண்டிருக்கிறார் என்றும் காட்டியது.

போனைப் பார்த்தேன், முக்காலியைப் பார்த்தேன். அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினேன். வாட்ச் இருக்க வேண்டிய இடத்தில் வார் அழுந்திய தடம் மட்டும் இருந்தது.

"வாட்ச் எங்க அத்தை?"

ஒரு மூச்சை இழுத்து, அதை விட்டு, அடுத்ததை இழுப்பதற்குள் பதில் சொன்னார். "வேலைக்குப் போயிருக்குது."

அத்தை காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் என் வாயிலிருந்து முதலில் வருவது இந்தக் கதைதான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அத்தையே சிரித்த கதை. ஆனால் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு இருந்தது நாள்பட்ட நுரையீரல் நோய். ஒரே நாளில் வந்ததில்லை, ஒரே நாளில் போகப்போவதும் இல்லை. பீடி, சுருட்டு எதையும் அவர் தொட்டதில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜன்னல் இல்லாத அடுப்பங்கரையில் வேலிக்காத்தான் முள்ளை எரித்துச் சோறாக்கியவர். கேஸ் அடுப்பு வந்த பிறகும் மீன் குழம்பை மட்டும் விறகில்தான் வைப்பேன் என்று அடம் பிடித்தார். நான் பிரம்மதேசத்துக்காரி, நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற வீட்டில் பிறந்தவள். வந்த புதிதில் அந்தப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால், "இன்னா, பொறந்த வீட்டு நெனப்பு வந்திடுச்சா" என்று கிண்டல் செய்வார். அந்தப் புகையெல்லாம் சேர்ந்துதான் அவருடைய மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். அத்தை படத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "குழம்பு நல்லாதான் இருந்துச்சு" என்றார்.

பங்குனியில் அவரை அங்கே சேர்த்து, தேற்றி, வீட்டுக்கு அனுப்பும்போதுதான் அந்த வாட்சைக் கட்டினார்கள். ஆஸ்பத்திரியின் சொத்து, தேவைப்படும்வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குள்ளேயே ஒரு சிம் இருந்தது. நாடி, ஆக்சிஜன், தூங்கும்போது ஓடும் மூச்சு, எவ்வளவு நடக்கிறார் என்ற கணக்கு எல்லாம் என் போனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். ஏதாவது இறங்கினால் அங்கிருந்து ஒரு நர்ஸ் கூப்பிடுவார். இந்த நோய் முற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே உடம்பு சாடை காட்டும், மனிதர்கள் அதைக் கவனிக்காமல் விட்டாலும் வாட்ச் விடாது என்றார் டாக்டரம்மா. தினமும் நடக்க வேண்டும், மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும், மறுபடியும் நடக்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உப்பளத்துக்கு எப்போ போலாம்?"

"மொதல்ல நடங்கம்மா. நடையும் ஆக்சிஜனும் எப்படி இருக்குதுன்னு இந்த வாட்ச்ல பாக்கறேன். அடுத்த தடவ வரும்போது சொல்றேன்."

அவ்வளவுதான், வாட்ச் பரீட்சையாகிவிட்டது. ஆக்சிஜன் எண்ணுக்கு மார்க் என்று பெயர் வைத்தார். காலையில் காபி கையில் வருவதற்கு முன்னால், "இன்னிக்கு எத்தினி மார்க்கு?" என்று கேட்பார். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றிச் சார்ஜ் போடுவார், அதற்குள் நாலு தடவை குளியலறையிலிருந்தே ஏறிவிட்டதா என்று குரல் கொடுப்பார். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, மருமகள் வாங்கிக் கொடுத்ததா என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை சேர்க்க அத்தை சொன்ன பொய்களில் அதுவும் ஒன்று.

உப்பளம் அவருக்கு வயிற்றுப்பாட்டுக்கான இடம் மட்டுமில்லை. என் கணவரும் நானும் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அவர் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. போகாவிட்டால் அவருக்கு நாளே ஓடாது. பாத்தியிலிருந்து ஆண்கள் வாரி வரப்பில் குவிக்கும் உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு போய், சாலையோரத்தில் மலைபோல் குவித்த உப்பு அம்பாரத்தில் கொட்டுவது பெண்களின் வேலை. ஒரு முறை கொட்டிவிட்டு வந்தால் ஒரு நடை. அத்தையின் செட்டில் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவி, எல்லோரும் மேஸ்திரியம்மா என்று கூப்பிடுகிற ஒரு பெரிய மனுஷி. அந்த செட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, எதுவாக இருந்தாலும் அவளைக் கொட்டகை நிழலில் உட்காரவைத்துவிட்டு, அவளுடைய நடையையும் மற்றவர்கள் சேர்த்து நடந்துவிடுவார்கள். சாயங்காலம் அவள் கூலியில் ஒரு ரூபாய் குறையாது. அதை உதவி என்று யாரும் சொல்வதில்லை. நன்றி என்று வாயைத் திறந்தால் திட்டுதான் கிடைக்கும். அத்தை அந்த மாதிரி எத்தனையோ பேருக்காக நடந்திருக்கிறார்.

முதல் வாரம் எங்கள் தெருவில் நடந்து பார்த்தார். நாலு வீடு தாண்டுவதற்குள் நெஞ்சு ஏறி இறங்கும், வாட்ச் கையில் துடிக்கும், அடுத்த நிமிடம் நர்ஸ் போனில் வருவார். "அம்மா, உக்காருங்க. மூச்சுக்கு ஸ்ப்ரே எடுத்தீங்களா?" குழாயடியில் நிற்கிற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். தலையில் அவ்வளவு உப்பைச் சுமந்தவர் வெறுங்கையோடு அடுத்தவர் வாசற்படியில் உட்கார வேண்டியிருந்தது. மார்க் எண்பதுகளுக்கு இறங்கிய நாட்களில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். "ஃபெயிலு" என்பார். நோய்க்குப் பாஸ், ஃபெயில் கிடையாது என்று நான் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னதெல்லாம் காதிலேயே விழவில்லை.

பிறகு ஒரு நாள், செட்டுப் பெண்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஷேர் ஆட்டோ ஏறிப் போனார். அன்றிலிருந்து எல்லாம் மாறியது. தினமும் நான் கடைக்குக் கிளம்பும்போது அவரும் கிளம்புவார். கொட்டகையில் உட்கார்ந்து பேசிவிட்டு, வரப்பில் காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்வார். சாயங்காலம் திரும்பும்போது வாட்ச் கையில் இருக்கும். போனில் நடை ஏறிக்கொண்டே போனது, மார்க் தொண்ணூற்றேழுக்குக் கீழே இறங்கவே இல்லை. கடைக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நான் போனைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

இரவுக் கணக்கு மட்டும் உதைத்தது. தூக்கத்தில் மூச்சு வேகமாக ஓடியது, ஆக்சிஜன் சரிந்தது. நர்ஸ் குழம்பிப்போய் என்னைக் கூப்பிட்டார். "பகல்ல உங்க மாமியார் காலேஜ் பொண்ணு மாதிரி இருக்காங்க. ராத்திரி ஆனா ஏன் இப்படி ஆயிடறாங்க?" தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார், வைத்தேன். இன்னொன்றும் வைக்கச் சொன்னார், வைத்தேன். கடைசியில் படுக்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரியாத அளவுக்குத் தலையணை சேர்ந்துவிட்டது. "இன்னும் ஒண்ணு வச்சா உத்தரத்துல முட்டும்" என்றாரே தவிர அத்தை உண்மையைச் சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும் நாளை மட்டும் காலண்டரில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குள் விஷயம் அந்தக் கடை முக்காலி வரை வந்துவிட்டது. கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டியிருக்கிறது, கையில் இருந்த ஸ்ப்ரே தீர்ந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் புதிதாக ஒன்று வாங்க என்னிடம் வந்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றி, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் பறந்தோம். கோட்டக்குப்பத்து நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அதே நர்ஸ். "அக்கா, அம்மா இன்னிக்கு சூப்பரா நடக்கறாங்க. வெயில் ஜாஸ்தியா இருக்குது, கொஞ்சம் தண்ணி குடிக்கச் சொல்லுங்க." சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அழுதேன். மாஸ்க்குக்குள்ளிருந்து அத்தை என் முந்தானையை இழுத்தார். "இன்னா சொல்றா? எத்தினி மார்க்காம்?"

மறுநாள் என் கணவரை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு நேராக உப்பளத்துக்குப் போனேன். யாரை எப்படிக் கேட்பது என்று வழிநெடுக நாக்கைத் தீட்டிக்கொண்டே போனேன். வரப்பின் மேல் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், ஒரு கை கூடையைப் பிடித்திருக்க, இன்னொரு கை வீச. சுமையோடு மெதுவாக நடந்தால் கழுத்து தாங்காது, அதனால் ஓட்டமும் நடையுமாகத்தான் வருவார்கள். மூன்றாவதாக வந்தவள் கையில் அத்தையின் வாட்ச். அதன் வாரில் உப்புப் பூத்திருந்தது.

மேஸ்திரியம்மா கூடையைக் கொட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "வா மருமவளே. இப்ப எப்படி இருக்கறா? நீ ஒண்ணும் கவலப்படாத. அவ நடைய ஒரு நாள்கூட நாங்க விடல. நேத்திக்கும் முடிச்சிட்டோம்."

"உங்கள யாரு நடக்கச் சொன்னாங்க?"

"டாக்டரு நடை கேக்கறாங்களாமே. இவளால முடியல. நாங்க முறை வச்சுக் கட்டிக்கினு நடக்கறோம்." அவர் குரலில் கள்ளமே இல்லை. "யாரு தூக்கினா இன்னா மருமவளே, அம்பாரத்துக்கு வந்து சேந்தா சரிதான?"

தீட்டி வைத்திருந்த வார்த்தையெல்லாம் எனக்கு மறந்துபோனது. ஏமாற்றினார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர்களோ, செட்டில் ஒருத்திக்கு முடியாதபோது எப்போதும் செய்வதைத்தான் செய்திருந்தார்கள். அந்த நடை டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய உப்பு இல்லை, அத்தையே நடந்தால்தான் அவருடைய நெஞ்சு பழகும், வாட்ச் அவர் கையில் இருந்தால்தான் அவருடைய மூச்சு கெடப்போவதை முன்னாலேயே சொல்லும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி எடுத்துச் சொன்னேன். மேஸ்திரியம்மா அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாட்சைக் கழற்றினார். அதைப் பார்த்துக்கொண்டே வரப்பில் குந்தி உட்கார்ந்தார்.

"அப்ப இத்தினி நாளா அவ மருந்த நாங்க குடிச்சிருக்கோம்" என்றார்.

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா பகல் கணக்கையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு இரவுக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தார். சுமை இனிமேல் தூக்கவே கூடாது, இந்த சீசன் என்றில்லை, எந்த சீசனிலும் கூடாது என்று சொல்லிவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "நீங்க நடை கேட்டீங்க. எங்க செட்டுல கேட்ட நடை கொறஞ்சதே கெடையாதும்மா" என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்த அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாட்ச் இப்போது அவர் கையிலேயே இருந்து, அவருடைய எண்களையே காட்டிக்கொண்டிருந்தது. மார்க் எவ்வளவு என்று கேட்பதையே விட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. திட்டினால் வாங்கிக்கொள்வேன், கிண்டல் செய்தால் வட்டியோடு திருப்பிக் கொடுப்பேன், பேசாமல் கிடக்கும் அத்தையிடம் எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதே அந்த நாலைந்து நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பைக் கேஸ் அடுப்பில் வைத்துக் கொடுத்தேன். குறைகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

ஒரு சாயங்காலம் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. செட்டு முழுவதும் நின்றிருந்தது, காலில் ஒட்டிய உப்புச்சேற்றைக்கூடக் கழுவாமல்.

"எந்திரி. நடை பாக்கி நிக்குது" என்றார் மேஸ்திரியம்மா.

"என்னால முடியாது."

"உன்னால மட்டுந்தான் முடியும். எங்களால முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க."

அத்தை எழுந்தார். மேஸ்திரியம்மா அவரை வரிசையில் முதலில் நிறுத்தினார், மற்றவர்கள் பின்னால். அன்றைக்கு அவர்கள் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சுமையோடு விரைந்தே பழகிய கால்களுக்கு மெதுவாக நடக்கத் தெரியவில்லை. ஒருத்தியின் குதிகாலை இன்னொருத்தி மிதித்தாள். வெறுங்கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருத்தி இல்லாத கூடையைப் பிடிக்கிற மாதிரி கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டே வந்தாள். வாட்ச் துடித்தால் அத்தை நிற்பார், வரிசை முழுக்க நிற்கும். குழாயடிப் பெண்கள் இப்போதும் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் யாரைப் பார்ப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. முதல் நாள் எங்கள் தெருமுனை வரைக்கும்தான் போனார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். மழை வந்து வேலை ஓய்கிறவரைக்கும் அப்படி வந்தார்கள், பகலெல்லாம் உப்புச் சுமந்த அதே கால்களோடு.

ஆடி கழியும்போது அத்தைக்கு மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது. சுமை கிடையாது, காலைக் குளிர்ச்சியில் போய் வரப்பில் நடந்துவிட்டு வரலாம் என்று டாக்டரம்மா இறங்கிவந்தார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவரை ஸ்கூட்டியில் உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். கொட்டகையிலிருந்து அம்பாரம் வரைக்கும் அவர் எப்போதும் மூன்று நான்கு இடங்களில் நின்றுதான் போவார். அன்று நிற்கவில்லை. வாயைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டு, கண்ணை அம்பாரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, போய்க்கொண்டே இருந்தார். செட்டுப் பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். போய்ச் சேர்ந்து, அம்பாரத்தின் மேல் போட்டிருந்த தென்னங்கீற்றைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

என் போன் அடித்தது.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க" என்றார் நர்ஸ். "வாட்ச் இப்ப யாரு கையில இருக்குது?"

"எங்க அத்தை கையிலதான்."

"ஒரு தடவகூட நிக்காம நடந்திருக்குது. ஆக்சிஜனும் இறங்கல. வீடியோல வாங்க, நான் பாக்கணும்."

நான் போனைத் திருப்பிப் பிடித்து, என்ன கேட்கிறார் என்று சொன்னேன். மேஸ்திரியம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார். "கையக் காட்டுங்கடி." ஒவ்வொருத்தியாகத் திரைக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். ரப்பர் வளையல் போட்ட கை, உப்பு அரித்த கை, பச்சை குத்திய கை. ஒன்றிலும் வாட்ச் இல்லை. கடைசியாக அத்தை வந்தார். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாட்ச் கட்டிய கையைத் திரையில் ஒட்டுகிற அளவுக்குக் கொண்டுபோனார்.

"நல்லா பாத்துக்க பாப்பா. நாந்தான்."

"முகத்தையும் காட்டுங்கம்மா" என்றார் நர்ஸ். காட்டினார். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அத்தை மறுபடி ஒரு கூடை உப்புகூடத் தூக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தார். கீரைக்காரியிடம் சொன்னார், ஷேர் ஆட்டோக்காரரிடம் சொன்னார், பெரிய முதலியார்சாவடியில் ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். "நானே நடந்தேன். நான்னு அந்தப் பொண்ணு நம்பவே இல்ல தெரியுமா?" கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் மூழ்கிக் கிடந்தபோது அவருக்கு மறுபடி முடியாமல் போனது. இந்தத் தடவை வாட்ச் முன்கூட்டியே சொன்னது, நாங்களும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். நுரையீரலில்தான் மிச்சம் இல்லை. பேச முடிந்த கடைசி நாளிலும் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் அந்தக் கதையைத்தான் பாதி மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த பிறகு வாட்சைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தனை மாதம் போனில் பேசிய நர்ஸை அன்றுதான் நேருக்கு நேராகப் பார்த்தேன். என்னைவிட வயதில் சின்னவர். வாட்சை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட ஒரு ஸாரி சொல்லணும்னு இருந்தேங்க்கா. அன்னிக்கு அவ்ளோ கஷ்டப்பட்டு நடந்திருக்காங்க. நான் போயி சந்தேகப்பட்டுட்டேன்."

"அதுக்கு மட்டும் ஸாரி சொல்லாதீங்க" என்றேன். "அத்தைக்குக் கோவம் வந்துடும்."